குரல் நின்றால் வண்டி நிற்கும்

பதினோரு மாதமாகப் பொடிக்கும் அவளுடைய அண்ணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, வண்டி பின்னால் வருகிற நேரத்தைத் தவிர.

பொடி என்பது வீட்டில் வைத்த பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். சின்ன வயதிலிருந்தே வளர்த்தி குறைவு. நாற்பத்தோரு வயதாகியும், நர்சரிக்குப் புதிதாக வருகிறவர்கள் அவளைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா பாப்பா என்று கேட்பார்கள். அவள் திரும்பியதும் அசடு வழிவார்கள். அண்ணி இதற்கு நேரெதிர். கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் குனிந்துதான் நுழைய வேண்டும், மறந்துபோய் நிமிர்ந்த நாட்களுக்கு நெற்றியில் சாட்சி இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து கடைத்தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இவர்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டே நடப்பார்கள்.

வீடும் நர்சரியும் ஒரே இடத்தில்தான். பெரிய சாலையிலிருந்து ஒரு சந்து இறங்குகிறது. ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் கல் மதில். மறுபக்கம் வாய்க்கால். நடுவில் வண்டி போனால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சமிருக்கும். கடைசி முப்பதடி மட்டும் வண்டிக் கதவு திறக்கிற அளவுக்கு அகலும். சந்து முடிகிற இடத்தில் செடி ஏற்றுகிற கொட்டகை. அங்கே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. திருப்ப இடம் விட்டால் நானூறு தொட்டிகளுக்கான இடம் போய்விடும் என்று அண்ணன் ஒருநாள் கயிறு பிடித்து அளந்து சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வண்டி எப்போது வந்தாலும் பின்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும்.

வண்டி பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் வேறு எதுவும் நகராது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தகரத் தட்டு அடித்திருந்தார்கள். பின்கதவின் மேல் ஸ்டெப்னி சக்கரம் பாதிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு தொங்கும். ஓட்டுவது அண்ணி. அண்ணனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும். வண்டி வாங்கிய வாரமே ஒரு சக்கரத்தை வாய்க்காலில் இறக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இனிமேல் இதைத் தொடமாட்டேன் என்று தேநீர் குடிக்கப் போய்விட்டான். அப்போது ஏறி உட்கார்ந்து, நாலு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்து வண்டியை மேலே ஏற்றியவள் அண்ணி. அவளுக்கு லைசென்ஸ் வந்ததோ அதற்கப்புறம் ஆறு மாதம் கழித்து.

பின்னால் நின்று வழி சொல்வது பொடி. பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே முறைதான். சந்தின் வாயில் வண்டி வந்து ஒரு சின்ன ஹாரன் கொடுக்கும். பொடி ஒட்டுக் கட்டுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். வண்டிக்குப் பின்னால் நின்று, தானும் பின்னால் நடந்துகொண்டே, மூச்சு விடாமல் "வா வா வா வா" என்று சொல்லிக்கொண்டு வருவாள். ஒடிக்க வேண்டுமென்றால் "மதில் பக்கம்" என்பாள், அல்லது "வாய்க்கா பக்கம்" என்பாள். இடது, வலது எல்லாம் அவர்களிடம் கிடையாது. குரல் வருகிற வரைக்கும் வண்டி வரும். குரல் நின்றால் வண்டி நிற்கும். உரம் இறக்க வந்த லாரிக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, நிறுத்து என்று சத்தமாகச் சொன்னால் போதாதா, எதற்கு இந்தத் தொண்டை வறட்சி என்று கேட்டார்.

"சொல்ல முடியாமப் போச்சுன்னா?" என்று அண்ணி திருப்பிக் கேட்டாள். 

மற்ற நேரமெல்லாம் பொடி அண்ணியை வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். வண்டிக்குப் பின்னால் மட்டும் ‘வா’. அது வண்டியைச் சொல்வது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவ்வளவு உயரமான மனுஷியை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே நடப்பதில் பொடிக்கு உள்ளூர ஒரு குஷி இருந்தது.

சண்டை ஒரு கொய்யாச் செடியால் வந்தது. பொடி ஒன்பது வருடமாக ஒரு பெரிய சிமெண்ட் தொட்டியில் வைத்து வளர்த்த தாய்ச்செடி. ஒவ்வொரு பருவத்திலும் அதிலிருந்துதான் குச்சி வெட்டி ஒட்டுக் கட்டுவாள். போன வருடம் மழைக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்துக்கு ஒரே நாளில் எழுபது தொட்டிகள் போக வேண்டியிருந்தது. பொடி காய்ச்சலில் படுத்திருந்தாள். அண்ணி அவசரத்தில் வரிசையைப் பார்த்து ஏற்றியதில் தாய்ச்செடியும் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் போய்க் கேட்டபோது, அந்த வீட்டுக்காரர்கள் அதைத் தரையில் நட்டு, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேலியோடு வேலியாகச் சேர்த்திருந்தார்கள். நட்ட இரண்டாம் நாளே வெட்டினால் எந்தச் செடி பிழைக்கும்? அதுவும் பிழைக்கவில்லை.

பொடி அழுதாள். அழுகையைப் பார்த்து அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஒரு செடிதானே, நர்சரியில செடிக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டாள். பொடிக்குச் சுருக்கென்றது. "உங்க வீடு. நீங்க எதை வேணா விக்கலாம். நான் யாரு கேக்கறதுக்கு?" என்று பதிலுக்கு விட்டாள். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் உன் வீடு, என் வீடு என்று ஒரு பேச்சு வந்ததில்லை. அண்ணி எழுந்து உள்ளே போனாள். அவ்வளவுதான், இரண்டு பேர் வாயும் பூட்டிக்கொண்டன.

நடுவில் மாட்டிக்கொண்டது அண்ணன். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து, உப்பு வேண்டுமாம், தொட்டிக்கு மண் வந்துவிட்டதாம், நாளைக்கு நூறு ரோஜா போகிறதாம் என்று ‘ஆம்’ போட்டுப் போட்டே அவன் பேச்சுப் பழக்கம் மாறிப்போயிற்று. கடைக்காரரிடம் போய், "எனக்கு ஒரு கிலோ சர்க்கரை வேணுமாம்" என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேரையும் தனித்தனியே கெஞ்சிப் பார்த்தான். அவங்க முதல்ல பேசட்டும் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஆனால் வண்டி வந்தாக வேண்டுமே. ஹாரன் கேட்டால் பொடி போவாள். வா வா வா வா. மதில் பக்கம். வா வா. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை. அந்தச் சந்து நீளத்துக்கு அவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைப் பேச்சு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொடிக்கு அது போதுமாக இருந்தது. அண்ணி தன் குரலைக் கேட்டுத்தான் வருகிறாள் என்பது அவளுக்கு உள்ளே ஒரு மூலையில் தெம்பாக இருந்தது. ஹாரன் கொஞ்சம் தாமதமானால் சாலைப் பக்கம் எட்டி எட்டிப் பார்ப்பாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அடைமழை. பொடி வழக்கம்போலக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்துகொண்டே வந்தவள், கொட்டகைக்குப் பத்தடி இருக்கும்போது சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். விழுந்த வேகத்தில் வாயிலிருந்து குரல் வரவில்லை. பம்பர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். பொடி கையை ஊன்றி எழுந்து, வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடியும் வா வா என்று ஆரம்பித்தாள். வண்டி கொட்டகைக்கு வந்தது. விழுந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி அன்றைக்கு மழையில் இறங்கிப் போய்ச் சந்தில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். டயர் தடத்தைப் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று பொடி நினைத்தாள். சாயங்காலம் அவள் அறை ஜன்னலில் ஒரு வலித் தைலப் புட்டி இருந்தது. அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இடுப்பில் தடவிக்கொண்டாள்.

இந்த வாரம் அண்ணன் தேநீர் குடிக்கும்போது மெதுவாகச் சொன்னான். வண்டியில் கேமரா வைக்கப் போகிறார்களாம். பின்னால் இருக்கிறது முன்னால் திரையில் தெரியுமாம். அண்ணி எல்லாவற்றையும் விசாரித்து ஆளுக்கும் சொல்லிவிட்டாளாம். சனிக்கிழமை வருகிறாராம்.

பொடி தேநீரைக் கீழே வைத்தாள். அப்போ பின்னால் நிற்க ஆள் தேவையில்லையா என்று கேட்டாள். அண்ணன் நெற்றியைத் தேய்த்தான். அப்படி இல்லை, மழை, வெயில், உனக்கும் ஒரு கஷ்டம், என்று என்னென்னவோ இழுத்தான். அண்ணி அடுப்பங்கரையில் முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். 

பொடிக்கு அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று. பேச்சை நிறுத்தினாள், சரி. மிச்சமிருந்த ‘வா’வையும் பிடுங்க ஒரு மிஷின் வாங்குவாளா? ஆறு மாதமாகவே வேறொரு பெரிய நர்சரிக்காரர் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுக் கட்டக் கை தேர்ந்த ஆள் வேண்டும், தங்க அறை உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லு என்று கடைசியாகச் சொல்லியனுப்பியிருந்தார். இத்தனை நாள் பொடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் கொட்டகை ஆணியில் தொங்கிய தன் ஒட்டுக்கத்தியை எடுத்துத் துடைத்து, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கேமராவை மாட்டட்டும், மத்தியானம் அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

வண்டி எலெக்ட்ரீஷியன் ஒரு மொபெட்டில், காலுக்கு நடுவில் கருவிப் பெட்டியை இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜீப் கொட்டகைக்குப் பத்துப் பன்னிரண்டடி முன்னால், பின்பக்கம் கொட்டகையைப் பார்த்து நின்றிருந்தது. கனத்த உடம்பு. உதவிக்கு ஆள் கிடையாது. ஒயர்களிடம் பேசுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. "நீ யாருடா, நீ எங்கடா போற?" என்று கேட்டுக்கொண்டே பின்விளக்கைக் கழற்றினார். டெஸ்ட் லாம்ப்பின் முனையை ஒவ்வொரு ஒயரிலும் குத்திப் பார்த்து, ரிவர்ஸ் கியர் போட்டால் உயிர் வருகிற ஒயரைக் கண்டுபிடித்ததும், "வாங்க ஐயா, உங்களைத்தான் தேடறேன்" என்றார். அண்ணன் சிரித்தான். அண்ணியும் பொடியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

கேமரா கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இவ்வளவூண்டா என்று அண்ணன் கேட்டான். உருவத்தைப் பார்த்து எடை போடாதீங்க சார் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னபோது, அவர் கண் தற்செயலாகப் பொடி மேல் போய்விட்டுத் திரும்பியது. ஸ்டெப்னி மறைக்கும் என்பதால் பம்பருக்குச் சற்று மேலே, இரும்புச் சட்டத்தின் அடியில் வைப்பதாக முடிவாயிற்று. சட்டத்தில் துளை போட்டார். இரும்புத் தூளை வாயால் ஊதினார். ஓரத்தில் துரு பிடிக்காமலிருக்கப் பெயிண்ட் தொட்டு வைத்தார். பின்கதவைத் திறந்து மூடும்போது ஒயர் அறுபடக்கூடாது என்று ரப்பர்க் குழாய்க்குள் விட்டு, தரைவிரிப்பைத் தூக்கி, கதவோரமாகவே முன்னால் கொண்டுபோனார். அந்த வேலையின் சுத்தம் பொடிக்குப் பிடித்திருந்தது. ஒட்டுக் கட்டுகிற மாதிரிதான். தோலை அளவாகச் சீவி, உயிரோடு உயிரைச் சேர்த்து, காற்றுப் புகாமல் சுற்ற வேண்டும். வந்த கோபத்தையும் மறந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் ஒருவர் எலுமிச்சைக் கன்று கேட்டு வந்ததால் அண்ணன் அந்தப் பக்கம் போய்விட்டான். எலெக்ட்ரீஷியன் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் மல்லாந்து, தலையையும் ஒரு கையையும் டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்திருந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. ஒயரைக் கையால் பிடித்திருக்கிறாராம், விட்டால் படம் போய்விடுமாம். ஒருத்தர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் பின்னால் போய்க் கேமராவை மெதுவாகத் திருப்ப வேண்டும்.

அண்ணியும் பொடியும் வண்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கேமராவைத் திருப்பக் கையில் பலம் வேண்டும், ஸ்பேனர் பிடிக்க வேண்டும். அண்ணி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பொடிக்கு டிரைவர் சீட் மிச்சமிருந்தது.

பன்னிரண்டு வருடத்தில் அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறினாள். கால் எதற்கும் எட்டவில்லை. இன்ஜின் அணைந்திருந்தது, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது, கியர் ரிவர்ஸில் இருந்தது. இருந்தாலும் பொடி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஸ்டெப்னி தெரிந்தது, அதற்கு மேலே கொட்டகைக் கூரை. அண்ணியின் தலை உச்சி கொஞ்சம் தெரிந்து, அவள் குனிந்ததும் மறைந்துபோயிற்று. பக்கக் கண்ணாடிகளில் மதில் ஒன்றில், வாய்க்கால் ஒன்றில். நடுவில் தான் நிற்கிற இடத்தைத் தேடினாள். எந்தக் கண்ணாடியிலும் அந்த இடம் இல்லை.

இவ்வளவு நாளும் அண்ணி தன்னைப் பார்த்துக்கொண்டே வருகிறாள் என்றுதான் பொடி நினைத்திருந்தாள். சில நாள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றதும், கோபம் வந்த நாட்களில் முகத்தை வேண்டுமென்றே கடுகடுவென்று வைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. ஒன்றும் தெரிந்திருக்காது. வெறும் குரலை நம்பி ஒருத்தி பன்னிரண்டு வருடம் பின்னால் வந்திருக்கிறாள்.

"படம் வந்துச்சாம்மா?" என்று டேஷ்போர்டு கேட்டது.

வந்தது. திரையில் அண்ணி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே வானம், மேலே சேறு, நடுவில் அண்ணியின் நீளமான முகம் கண்ணை இடுக்கிக்கொண்டு கேமராவையே உற்றுப் பார்த்தது. பொடிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தலைகீழாக இருக்கிறார்கள் என்று சொன்னாள். சட்டத்துக்கு அடியில் மாட்டினால் அப்படித்தான், கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லுங்க என்றார் அவர். தன் தலை உள்ளே இருக்கிறது, இனிமேல் எல்லாவற்றையும் அவளே பார்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

பொடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு பழகின குரலிலேயே சொன்னாள்.

"திருப்பு."

கேமரா திரும்பியது. அண்ணி நேரானாள்.

"மேல. மேல மேல மேல. மதில் பக்கம். கொஞ்சம். போதும்."

அழகாக வந்திருந்தது. கொட்டகை வாசல் வரைக்கும் தெரிந்தது. மதில், வாய்க்கால், கூரைக்கு மேலே ஒரு துண்டு வானம். ரொம்ப சரி, அப்படியே இறுக்கச் சொல்லுங்க என்றார் எலெக்ட்ரீஷியன். ஆனால் படம் நிற்கவில்லை. மெல்லக் கீழே இறங்கியது. வானம் போயிற்று. கொட்டகை வாசல் போயிற்று. மதிலின் பாதி போயிற்று. கடைசியில் சேற்றுத் தரையும் திரையின் அடியில் பம்பரின் விளிம்பும்தான் மிஞ்சின.

"மேல" என்றாள் பொடி. படம் மேலே வரவில்லை. "மேல மேல." வரவில்லை. தரைதான் தெரிகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் புகார் சொன்னாள்.

அவர் உள்ளேயிருந்தே கத்தினார். "இவ்ளோ கீழ வேணாம்மா. தூரம் தெரியணும். மதில் தெரியணும்."

"மதில் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று அண்ணியின் குரல் பின்னாலிருந்து வந்தது. "பன்னெண்டு வருஷமா அது அங்கயேதான் இருக்கு. பம்பர்கிட்ட இருக்கறது தெரியணும். அதுக்குத்தான் கேமரா."

"பம்பர்கிட்ட என்னம்மா இருக்கப்போகுது?"

அண்ணி அதற்கு வேறொரு கேள்வி கேட்டாள்.

"கீழ விழுந்து கிடந்தா தெரியுமா?"

"யாரும்மா அங்க போய் விழப்போறா?"

திரையில் அண்ணியின் கால்கள் வந்தன. பம்பரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றன. பிறகு அண்ணி புடவையைக்கூடத் தூக்கிக்கொள்ளாமல் அந்தச் சேற்றில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் ஊன்றினாள். வலது காலை மடக்கிக்கொண்டாள். ஒரு கணம் யோசித்து, ஊன்றிய கையை இன்னும் கொஞ்சம் வாய்க்கால் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பொடி திரைக்குக் கிட்டே குனிந்தாள். அவள் விழுந்தது அப்படியேதான். அந்தக் கை, அந்தக் கால், அந்த ஒரு முழம். அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு அண்ணி மழையில் குனிந்து பார்த்தது டயர் தடத்தை இல்லை. கையைக் கழுவத் தெரிந்த பொடிக்குச் சேற்றில் பதிந்த கைத் தடத்தை அழிக்கத் தோன்றவில்லை. ஜன்னலில் தைலம் வைத்தது அண்ணன் இல்லை. மூன்று வாரமாக அண்ணி அந்த ஒரு முழத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருத்தரிடமும் சொல்லாமல் திரிந்திருக்கிறாள். சொல்வதற்கு வாயைத் திறந்தால் கொய்யாச் செடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து ஒரு கேமராவைத் தேடிப் பிடித்திருக்கிறாள். இது தெரியாமல் தான் கத்தியைத் துணியில் சுற்றிவிட்டோமே என்று பொடிக்கு வெட்கமாகப் போயிற்று. அண்ணி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"தெரியுதா?" என்று சேற்றிலிருந்து அண்ணி கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று சொல்லவில்லை.

"தெரியுது" என்றாள் பொடி.

"முழுசாவா?"

"முழுசா. கை, கால், எல்லாம்."

"அப்போ இதுதான்" என்று அண்ணி எழுந்து கேமராவை இறுக்கினாள்.

எலெக்ட்ரீஷியன் வெளியே வந்து திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. முப்பது வருடத் தொழிலில் இப்படிப் பூமியைப் பார்க்க ஒருத்தரும் கேமரா வைத்ததில்லை என்று முணுமுணுத்தார். அண்ணியின் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒயர்களுக்கு டேப் சுற்றினார். வேலை முடிந்ததும் சாலை வரைக்கும் எடுத்துப் போய், ஒரு தடவை பின்னால் கொண்டுவந்து பார்த்துவிடுங்கள் என்றார். அண்ணி டிரைவர் சீட்டில் ஒரு கோணியை விரித்துச் சேற்றுப் புடவையோடு ஏறினாள். வண்டி சந்தில் ஏறிப் போயிற்று.

பொடி கொட்டகைக்குள் வந்து ஒட்டுக் கட்டுகிற பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கேமரா வந்தாயிற்று. இனிமேல் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. பை காலடியில் இருந்தது. காதை மட்டும் சந்துப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டி சந்தின் வாய்க்கு வந்து நின்றது. ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. வண்டி நகரவில்லை. எலெக்ட்ரீஷியன் கையை ஆட்டி, வாங்க வாங்க என்று ஜாடை காட்டினார். நகரவில்லை. எலுமிச்சைக்காரரை அனுப்பிவிட்டு வந்த அண்ணன் சந்தில் ஓடிப்போய், படம் வரவில்லையாமா என்று கேட்டான். அண்ணி பதில் சொன்னது கொட்டகை வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"படம் நல்லா வருது. கேமரா ஆள் விழுந்தா தெரியறதுக்கு. வழி சொல்ல ஆள் வேணும்ல?"

பிறகு ஒரு சின்ன ஹாரன்.

அண்ணன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்து வாயைத் திறந்தான். அவன் ‘ஆம்’ போடுவதற்குள் பொடி எழுந்து வந்துவிட்டாள். அவனைத் தாண்டிக்கொண்டு போய், பின்னால், தன் இடத்தில் நின்றாள். பம்பருக்கு மேலே அந்தக் கட்டைவிரல் அளவுக் கண் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வா" என்றாள். "வா வா வா வா."

வண்டி வந்தது. மதில் பக்கம் என்றாள், மதில் பக்கம் ஒடிந்தது. வா வா வா. பாதிச் சந்து தாண்டியது. விழுந்த இடம் வந்தது. அண்ணி உட்கார்ந்த தடம் அங்கே ஈரம் மாறாமல் இருந்தது, ஊன்றிய கையின் ஐந்து விரலும் தெரிந்தன. அதைப் பார்த்ததும் பொடி அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த ‘வா’ வெளியே வரவில்லை.

வண்டி நின்றது. அந்த இடத்திலேயே, ஒரு விரற்கடை கூடப் பின்னால் வராமல் நின்றது. பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன.

டிரைவர் ஜன்னலிலிருந்து அண்ணியின் தலை வெளியே வந்தது.

"என்ன ஆச்சு?"

பதினோரு மாதத்தில் அண்ணி அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. அண்ணன் அசையாமல் நின்றான். எலெக்ட்ரீஷியன் ஏதோ சொல்ல வந்தவர், அண்ணன் அவர் கையைப் பிடித்து அழுத்தியதும் சும்மா இருந்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள் பொடி. குரல் கரகரத்தது. "தொண்டை."

அண்ணி முழங்கையை ஜன்னலில் ஊன்றி இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தாள்.

"போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்றாள். "நான் நிக்கிறேன்."

பொடி கொட்டகைக்குள் போனாள். குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்தாள். பாதி மேலே சிந்தியது. குனிந்து பையிலிருந்த கத்தியை எடுத்து, துணியைப் பிரித்து, அதன் ஆணியில் மாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சந்தில் விளக்கு இரண்டும் இன்னும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தன. அண்ணி பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கவில்லை.

பொடி தன் இடத்தில் போய் நின்றாள்.

"வாங்க அண்ணி" என்றாள்.

வண்டி வந்தது.